நாலு மாதமாக ரத்தம் போகிறது, வீட்டிலேயே சரியாகுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு வரை மிஷினில்தான் வேலை. இரண்டாவது குழந்தை பிறந்தபோது லேசாக மூலம் வந்து தானாக அடங்கிவிட்டது. இப்போது நாலு மாதமாக, வெளிக்குப் போகும்போது முக்கினால் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் விழுகிறது. வலி பெரிதாக இல்லை, அரிப்புதான் தாங்கவில்லை. சதை ஒன்று வெளியே வருகிறது. பெரும்பாலும் தானாக உள்ளே போய்விடும். சில நாள் விரலால் தள்ளினால்தான் போகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டை இரண்டு மாதமாகப் போடுகிறேன். இசப்கோல் மூன்று நாள் குடித்தேன், வயிறு ஊதிக்கொண்டது, விட்டுவிட்டேன். போன மாதம் ரத்தம் டெஸ்ட் செய்ததில் ஹீமோகுளோபின் 9.2 என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதிலிருந்து மலம் கறுத்துக் கல்லாகப் போகிறது. நாத்தனார் துத்தி இலையை வதக்கிக் கட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பாலில் எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொல்கிறார். கறி, முட்டை, கொள்ளு எல்லாம் சூடு என்று நிறுத்திவிட்டேன். ஆபரேஷன் என்றால் பயம். டாக்டரிடம் காட்டவும் கூச்சம். வீட்டிலேயே சரியாகுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

சகோதரி, உங்கள் தொந்தரவு சுற்றிச் சுற்றி வரும் விதத்தை உங்கள் கடிதமே காட்டிவிட்டது. ரத்தம் போகிறது, ரத்தசோகை வருகிறது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், மாத்திரையால் மலம் இறுகுகிறது. இறுகிய மலத்தை முக்கி வெளியேற்றும்போது மறுபடி ரத்தம். இந்தச் செக்குமாட்டுச் சுற்றை ஏதாவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். வீட்டில் இருந்தபடியே உங்கள் கைக்கு எட்டும் இடம், மலம் இறுகுவதுதான். ஆயின்மென்ட், இலை, எண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாலு மாத ரத்தப்போக்கும் 9.2 ஹீமோகுளோபினும் சேர்ந்து இருக்கும்போது, பார்க்காமலேயே 'மூலம்தான்' என்று நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் உள்மூலத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆசனவாய்க்குள்ளே எல்லோருக்கும் பிறவியிலேயே மூன்று மெத்தை போன்ற ரத்தநாளத் திரட்சிகள் உண்டு. காற்றும் நீரும் கசியாமல் அடைத்துக்கொள்வது அவற்றின் வேலை. முக்கி முக்கி அவை புடைத்து, பிடிமானம் தளர்ந்து, கீழே சரிவதைத்தான் மூலம் என்கிறோம். அந்த இடத்துக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால்தான் உங்களுக்கு வலியில்லாமல் ரத்தம் போகிறது. மலம் போகும்போது கண்ணாடித் துண்டால் கிழித்தது போல வலித்து, அந்த எரிச்சல் ஒரு மணி இரண்டு மணி நேரம் நீடித்தால் அது ஆசனவாய் வெடிப்பு. ஓரத்தில் சீழ் கசிந்து உள்ளாடையில் படிந்தால் பௌத்திரம். இந்த மூன்றையும் ஊரில் மூலம் என்றே சொல்கிறார்கள், மருத்துவமோ மூன்றுக்கும் வேறு வேறு. பெருங்குடலில் கட்டி இருந்தாலும் வலியில்லாமல் ரத்தம் போகலாம். உங்கள் வயதில் அது அபூர்வம்தான். ஆனாலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெண்களின் ரத்தசோகைக்கு அது ஒரு பெரிய காரணம், மூலத்தின் மேல் பழியைப் போட்டு அதை விட்டுவிடக் கூடாது.

பரிசோதனை நீங்கள் நினைப்பது போல இருக்காது. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். மேலே துணி போர்த்தியிருக்கும். கையுறை விரலில் ஜெல் தடவி ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு கட்டைவிரல் பருமனில் புரோக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாய். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், ஆண் டாக்டர் என்றால் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று சொல்லலாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள்: 'நாலு மாதம், சிவப்பு ரத்தம், சொட்டாக, வலி இல்லை, சதை வெளியே வருகிறது, சில நாள் கையால் தள்ள வேண்டியிருக்கிறது, ஹீமோகுளோபின் 9.2, இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன்.' இந்த ஒரு வரி போதும், டாக்டர் பாதிக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கேயே போகலாம்.

இனி வீட்டு வேலை. டாக்டரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கலாம்.

இசப்கோல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை, தொடங்கிய நேரமும் குடித்த விதமும்தான் தப்பாகியிருக்கும். இந்த உமி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து வைத்துக்கொண்டு ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கொழகொழத்து, மலத்தை இளக்கமாக வைத்திருக்கும். டம்ளரில் தண்ணீர் குறைவாக இருந்தால் அதே உமி குடலுக்குள் பசையாக இறுகிவிடும். ஏற்கெனவே கல் மலம் அடைத்திருக்கும் குடலில் மேலும் மேலும் நார்ச்சத்தைத் தள்ளினால், வழியில் லாரி நின்றுவிட்ட தெருவில் பின்னால் வண்டி சேர்வது போலத்தான் ஆகும். அதுதான் உங்கள் வயிற்று ஊதல்.

ஆகவே முதலில் வழியைத் திறந்துவிட வேண்டும். லாக்டுலோஸ் சிரப் இரவில் 15 மில்லி. சிரப் மூடியிலேயே அளவுக்கோடு இருக்கும். உடனே வேலை செய்யாது, ஒன்றிரண்டு நாள் எடுக்கும். கொஞ்சம் காற்றுப் பிரியும். மூன்றாம் நாளும் இளகவில்லை என்றால் 30 மில்லி வரை போகலாம். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். அது குடலை முறுக்கி ஒரேயடியாகத் தள்ளும், அந்த வேகத்தில் சதை இன்னும் இறங்கும்.

மலம் இளகியதும் இசப்கோலைத் தொடங்குங்கள். முதல் நாலு நாள் காலையில் ஒரு டீஸ்பூன் மட்டும். ஒரு பெரிய டம்ளர் (250 மில்லி) தண்ணீரில் தூவி, ஒரு சுற்றுக் கலக்கி, ஊறவிடாமல் உடனே குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் வைத்தால் கூழாகிக் குமட்டும். குடித்த கையோடு இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். இந்த இரண்டாவது டம்ளரைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு டீஸ்பூன் கூட்டி, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்ற அளவில் நிறுத்துங்கள். இரவில் குடித்துவிட்டு உடனே படுக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேறு மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் உமி அவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரை என்றால் நாலு மணி நேரம். ஆரஞ்சு வாசனையோடு வரும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சர்க்கரைதான். குஜராத்திலிருந்து வரும் வெறும் உமியே போதும், விலையும் குறைவு.

இளக்கம் இரண்டு மூன்று நாளில் தெரியும். ரத்தம் குறைய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் ரத்தம் நின்றதும் உமியை நிறுத்திவிட்டு, இருபதாம் நாள் 'மறுபடி வந்துவிட்டது' என்பதுதான் வழக்கமாக நடப்பது. குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். பழக்கம் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இது பேதி மாத்திரை அல்ல, கீரையைப் போல வெறும் நார்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து சேர வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. மைதாவிலும் அதே கதை. ராகியிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல், முழுப் பச்சைப்பயறில் 17. காலையில் இட்லி, மதியம் சாதம், வேலை முடிந்து வரும் வழியில் பரோட்டா என்று ஓடும் நாளில் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள். உங்கள் ஊர்ச் சமையலிலேயே மருந்து இருக்கிறது. பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, கீரைக் கடைசல், கம்மஞ்சோறு, ராகிக் களி, இவற்றில் குறைந்தது இரண்டு தினமும் தட்டில் இருக்கட்டும். மாலை டீயோடு வடைக்குப் பதில் ஒரு கொய்யா. கொள்ளை எதற்காக நிறுத்தினீர்கள்? கொள்ளில் நார்ச்சத்தும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது, மூலத்தோடு அதற்கு எந்தப் பகையும் இல்லை.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுதாததே எனக்குச் சந்தேகம். கழிவறைக்குப் போனால் பீஸ் எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் முறைப்பார் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இந்த வேலையில் ஏராளம். குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும். வந்த உணர்வை அடக்கினால் இன்னும் இறுகும், ஏனென்றால் மலம் தேங்கி நிற்கும் நேரமெல்லாம் பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தொழிலாளிக்குக் குடிநீரும் கழிவறையும் முதலாளி தந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது, அது சலுகை இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் மதியச் சாப்பாட்டுக்குள் காலியாக வேண்டும், இன்னொன்று வேலை முடிவதற்குள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் சரி, கடுகெண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை. மணிக்கொரு முறை எழுந்து பத்தடி நடந்துவிட்டு உட்காருங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணை வாங்க வேண்டாம், ஆசனவாய்ப் பகுதி அந்த ஓட்டையில் தொங்கி வீக்கம் கூடும். மடித்த போர்வையோ சாதாரண ஸ்பாஞ்சோ போதும்.

கழிவறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். காலையில் எழுந்ததும் அவசரமாகப் போய் உட்கார்ந்து வரவழைப்பதுதான் முக்கலுக்குக் காரணம். அதற்குப் பதில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர், ஏதாவது கொஞ்சம் சாப்பாடு. இரைப்பைக்குள் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். இருபது நிமிடம், அரை மணி கழித்து உணர்வு வந்த பிறகு போங்கள். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் குந்தும் நிலை மலம் இறங்குவதற்கு நல்லது, ஆனால் கால்மணி நேரம் குந்தியிருந்தால் சதை இறங்கும். வெஸ்டர்ன் என்றால் காலடியில் ஏழெட்டு அங்குல உயரப் பலகை போட்டு, முழங்கால் இடுப்பை விட மேலே வரும்படி வைத்து முன்னால் குனியுங்கள். மூச்சைப் பிடித்து முக்காமல், ஊதாங்குழலில் ஊதுவது போல வாயால் மெதுவாக மூச்சை விடுங்கள். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது முக்கவே முடியாது, செய்து பாருங்கள். ஹேண்ட் ஷவர் இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாமல், கையில் ஏந்திக் கழுவினால் போதும்.

மலம் எப்படிப் போகிறது என்று தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுப்புழுக்கை போலவோ, வெடித்த மண்கட்டி போலவோ இருந்தால் தண்ணீரும் உமியும் போதவில்லை. வழவழப்பான வாழைப்பழம் போல வந்தால் அதுதான் வேண்டியது. கூழாகப் போனால் சிரப்பைக் குறையுங்கள்.

அடுத்தது வெந்நீரில் உட்காருவது. காசில்லாத மருந்துகளில் இவ்வளவு சுகம் தருவது வேறில்லை. இறுகிக் கிடக்கும் ஆசனவாய்த் தசை வெதுவெதுப்பில் தளரும், அரிப்பும் கனமும் குறையும். உட்காரக்கூடிய அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று போதும், அதை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீர், அதன்மேல் ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீர். நம் ஊர் வெயில் நாளில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 40 டிகிரியில் நிற்கும். மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீரை நாலு லிட்டராக்குங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். இடுப்புக்குக் கீழே நனையும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம். காலையில் வெளிக்குப் போய் வந்ததும் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. டெட்டால் ஊற்றாதீர்கள், அந்த மெல்லிய தோல் வெந்து அரிப்பு இரட்டிப்பாகும். உப்பும் தேவையில்லை. எழுந்ததும் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டு உடுத்துங்கள்.

சதை தானாக உள்ளே போகாத நாளில் நின்றபடியோ குந்தியபடியோ தள்ளாதீர்கள். கையைக் கழுவி நகத்தை வெட்டியிருக்கிறீர்களா என்று பார்த்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். விரலில் வாசலின் தடவி, ஈரத் துணியால் சதையை மூடி, வாயால் மூச்சை விட்டபடி ஒரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டே இருங்கள். குத்தித் தள்ள வேண்டியதில்லை, நிதானமான அழுத்தத்துக்குத் தானே போகும். வீங்கியிருந்தால் முதலில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தள்ளுங்கள். போகவும் மாட்டேன் என்கிறது, வலியும் ஏறுகிறது, நிறமும் கறுக்கிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் ஷிப்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆயின்மென்ட்டை இன்றோடு நிறுத்துங்கள். டியூபின் பின்புறம் படித்துப் பாருங்கள், ஹைட்ரோகார்ட்டிசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு பெயர் பெரும்பாலும் இருக்கும். அதை ஏழு நாளுக்கு மேல் போடக் கூடாது. தொடர்ந்து போட்டால் தோல் வெங்காயச் சருகாக மெலிந்துவிடும், படர்தாமரையும் பிடிக்கும். உங்கள் தாங்க முடியாத அரிப்பில் ஒரு பங்கு அந்த ஆயின்மென்ட்டே கொடுத்ததாக இருக்கலாம். நிறுத்திய முதல் சில நாள் அரிப்புக் கூடும், பயந்து மறுபடி போடாதீர்கள். சோப்பும் வேண்டாம். கழுவிக் காய்ந்த இடத்தில் வாசலினோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ மெல்லிய பூச்சாகப் போதும். எரிச்சல் மிஞ்சினால் மரப்பு தரும் லிக்னோகைன் ஜெல் சில நாள் தடவலாம். வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் மட்டும். ரத்தம் போகும் நேரத்தில் டைக்ளோபினாக், ஐபுபுரோஃபன் கலந்த மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டும்.

நாத்தனார் சொல்லும் துத்திக் கீரையைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், கீரை எந்தக் கீரையானாலும் இந்த நோய்க்கு நல்லதே. வதக்கிக் கட்டும்போது கிடைக்கும் சுகத்தில் பெரும்பங்கு வெதுவெதுப்பினுடையது. அதைத் தண்ணீரே தந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து எடுத்த எண்ணெய் இலையை அப்படியே வைத்துத் தோல் வெந்து வருபவர்கள் உண்டு. ரத்தம் கசியும் சதையின் மேல் எந்த இலையும் வேண்டாம். பாலில் எலுமிச்சை கெடுதல் செய்யாது, வேலையும் செய்யாது. பால் திரிந்ததுதான் மிச்சம். கருணைக்கிழங்கு நல்ல நார், புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் நாக்கு அரிக்காது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுக்கே போய்க் காட்டி மருந்து வாங்குங்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய 'ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்' ஆசாமிகள் போடும் ஊசி, இந்த மூன்றின் பக்கமும் போகாதீர்கள். வெந்துபோன இடம் தழும்பாகி ஆசனவாய் சுருங்கிவிட்டால், பிறகு மலம் போவதற்கே வழி செய்து தர வேண்டியிருக்கும்.

இரும்பு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் நிறம்தான், கெட்டியாகக் கரும்பச்சையாக இருக்கும். தார் போலப் பிசுபிசுத்து, கழிவறையே நாறும்படி போனால் அது வேறு, வயிற்றுக்குள் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே போக வேண்டும். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படிப் போட்டாலே போதுமான அளவு உடம்பில் சேர்கிறது, மலச்சிக்கலும் குறைகிறது. டீ, காபியோடு போட்டால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் எலுமிச்சைக்கு அங்கே வேலை இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் இன்னும் சில உண்டு. ரத்தம் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போவது, எழுந்தால் தலைசுற்றுவது, காய்ச்சலோடு ஆசனவாயில் விண்விண்ணென்று தெறிப்பது, சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது. ஒருநாள் திடீரென ஓரத்தில் நாவற்பழம் போலக் கருநீல உருண்டை கிளம்பி உட்கார முடியாமல் வலித்தால், அது வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்தது. மூன்று நாளுக்குள் போனால் மரப்பு ஊசி போட்டு அதை எடுத்துவிடுவார்கள். தாமதமானால் வெந்நீரும் பாராசிட்டமாலுமாக ஒரு வாரம், பத்து நாளில் வலி தானே அடங்கும். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலும், சளி சேர்ந்து வந்தாலும், எடை குறைந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவையா என்று கேளுங்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உமியும் தண்ணீரும் ரத்தத்தையும் அரிப்பையும் பெரும்பாலும் நிறுத்தும், சரிந்த சதையை மேலே ஏற்றித் தைக்காது. வெளியே வந்த சதை தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை, விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் நிலை. சில நாள் விரல் போட வேண்டியிருக்கிறது என்பதால் நீங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறீர்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பேண்டிங் என்று ஒன்று உண்டு. சதையின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுவார்கள். வலி நரம்பு இல்லாத இடத்தில் மாட்டுவதால் மயக்க மருந்து வேண்டாம், ஒருநாள் இரண்டு நாள் கனமாக இருக்கும், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ரத்த ஓட்டம் நின்ற சதை ஐந்து முதல் பத்து நாளில் வளையத்தோடு உதிரும். அன்று கொஞ்சம் ரத்தம் தெரியலாம், முன்கூட்டித் தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். கத்தி வைக்கும் ஆபரேஷன் பெரும்பாலும் தள்ளினாலும் உள்ளே போகாத நாலாம் நிலைக்கும், வளையம் பலிக்காதவர்களுக்கும்தான். இ.எஸ்.ஐ.யில் தகுதி இருந்தால் டாக்டர் எழுதித் தரும் ஓய்வு நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

கறி, முட்டையை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ரத்தசோகை உள்ளவர் அவற்றை நிறுத்துவது தலைகீழ் வைத்தியம். சூட்டால் மூலம் வருவதில்லை. மிளகாய்க் காரம் மலத்தோடு வெளியேறும்போது அந்த இடத்தில் எரியும், அவ்வளவுதான், அரிப்பு அடங்கும் வரை காரத்தைப் பாதியாக்குங்கள். கறியில் நார் துளியும் கிடையாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைப் பரோட்டாவுக்கு ஊற்றாமல் ராகிக் களிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு கரண்டி கீரையும் இருக்கட்டும்.